வளைகுடாப் பணமும் நாட்டின் வளர்ச்சியும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொருளாதாரம் பற்றிப் பேச ஓர் ஆலிமுக்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகளை உடைய இராஜாக்கமங்கலத்தார்க்கு இது வீட்டுப் பேச்சுதான்.

1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. எண்ணெய் விலை ஏறியது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் குறைந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் விமானமேறித் திரும்பினர். மறு ஆண்டின் நடுவில், அரசின் கையிருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதுமானதாயிருந்தது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இலண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது. அதே மாதம்தான் நிதியமைச்சர் மன்மோகன் சிங் அவர்கள் புதிய பொருளாதாரக் கொள்கையை முன்வைத்தார்கள்.

இன்று நிலை வேறு. உலக வங்கிக் கணக்கின்படி 2022இல் வெளிநாடு வாழ் இந்தியர் தாயகம் அனுப்பியது 10,000 கோடி டாலரைத் தாண்டியது. அதற்குமுன் எந்த நாட்டுக்கும் ஓராண்டில் இவ்வளவு வந்ததில்லை.

ஆனால், பணம் வருவது வேறு, வளர்ச்சி வேறு. தென் கொரியர்களும் 1970களில் சவூதிக்குச் சென்றார்கள். அவர்கள் கூலிக்கு மட்டும் செல்லவில்லை, கம்பெனியாகவே சென்றார்கள். 1976இல் ஜுபைல் துறைமுகப் பணியை ஒப்பந்தம் எடுத்த ஹூண்டாய், எஃகுச் சட்டங்களை உல்சானிலேயே செய்து கடல் வழியே கொண்டுசென்றது. கூலி, இலாபம், தொழில்நுட்பம் மூன்றும் அவர்கள் நாட்டுக்கே சேர்ந்தன.

நம்மிடமோ முதலில் விசாக் கடன். பிறகு வீடு, நகை, கைக்கூலி. நிக்காஹ் மஜ்லிஸ்களில் பவுன் கணக்குப் பேசும்போது நாமும் அருகில் அமர்ந்து வாய் திறவாதிருந்திருக்கிறோம். அதில் நமக்கும் பங்குண்டு. தங்கத்தில் பெரும்பகுதி இறக்குமதியாவதால், பிள்ளை அனுப்பிய டாலர் வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது!

2011இல் சவூதி அரசு நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்து, தன் நாட்டவர்க்கு வேலையில் பங்கை நிர்ணயித்தது. வேலையிழந்து திரும்புபவருக்கு இங்கே என்ன இருக்கிறது? தென்னந்தோப்பு இருக்கிறது. பொள்ளாச்சியில் தென்னைநார்க் கழிவைக் கட்டியாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். நம் கதம்பலிலும் அது செய்யக்கூடியதே. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் இட்டு, இலாபத்தைப் பேசியபடி பங்கிடும் முளாரபா முறை நம் மார்க்கத்தில் உண்டு; வட்டிக்கடன் தேவையில்லை.

ஊர் திரும்பியோரையும் விடுப்பில் வந்திருப்போரையும் அழைத்து, ரமலானுக்கு முன் நிர்வாகம் ஓர் அமர்வு நடத்தித் தர வேண்டுகிறோம். இயந்திர விலையை விசாரித்துவர இருவர் இசைந்துள்ளனர்.