வாயிலோர் கேட்கும் அனுபவம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர் வாழ்வும் தமிழ்க் கவிதையும் என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்தார்கள். மிகப் பரந்த பொருள் அது. அதன் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ள அவையின் இசைவை வேண்டுகிறேன். கற்ற தொழிலைச் செய்ய இயலாது போனவர்கள் நிற்கும் மூலை அது. இத்தகைய மேடைகளில் தவறாது ஒலிக்கும் கணியன் பூங்குன்றனாரின் வரியை இன்று நான் சொல்லப் போவதில்லை. அதே புறநானூற்றின் 206ஆம் பாட்டே என் பொருளுக்கு அண்மையில் நிற்கிறது.

அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராது காலம் நீட்டிக்கிறான். ஔவையார் மன்னனிடம் பேசவில்லை; வாயிலோனிடம் பேசுகிறார். உன் தலைவன் தன்னை அறியானா, என்னை அறியானா என்று கேட்டுவிட்டு, இசைக் கருவிகளைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். மழு ஏந்திய தச்சனின் பிள்ளைகளுக்குக் காடு எப்படியோ அப்படித்தான் கலை வல்லார்க்கு உலகம் என்பது அவர் துணிபு. கைத்திறன் உடையவர் எங்கு சென்றாலும் பிழைப்பர் என்ற இந்த உறுதியே அவர் குரலில் அத்துணைப் பெருமிதத்தை ஏற்றுகிறது. தகடூரில் பாடிய பாட்டு எம் நாட்டு அனுபவம் ஆகாது என்று எந்த மன்னனும் அவரைத் திருப்பி அனுப்பியதாகச் சங்க நூல்களில் சான்று இல்லை.

ரொறன்ரோவில் வாழும் நம்மவர்க்கு அந்த உறுதி வாய்க்கவில்லை. 'கனடிய அனுபவம்' என்ற இரு சொற்களை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அரிது. நம் வீடுகளில் அது 'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ்' என்றே வழங்குகிறது. யாரும் அதைத் தமிழாக்க முயன்றதில்லை. தமிழில் அனுபவம் என்பது ஒருவர் பட்டறிந்தது. அது அவரோடு கடல் கடந்து வரும். இங்குள்ள வேலைவாயில்களில் அச்சொல் குறிப்பது வேறொன்றை: நீர் ஏற்கனவே எம்முள் ஒருவரா என்ற கேள்வியை.

இதிலுள்ள முரண் வெளிப்படையானது. கனடா 1967ஆம் ஆண்டில் குடிவரவுக்குப் புள்ளிமுறையைக் கொண்டுவந்தது. பிறந்த நாட்டைப் பாராது கல்வியையும் திறனையும் பார்ப்போம் என்பதே அதன் உறுதிமொழி. 2013 மே மாதத்தில் திருத்தியமைத்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். நூறு புள்ளிகளில் 67 பெற்றால் தேறலாம். மொழிக்கு 28, கல்விக்கு 25, தொழில் அனுபவத்துக்கு 15. ஆறாண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியவர்க்கு அந்தப் பதினைந்தும் முழுமையாகக் கிடைக்கும். அவ்வனுபவத்தைக் கொழும்பிலோ சென்னையிலோ பெற்றிருந்தாலும் குறையில்லை. ஆக, விமான நிலையம் வரை பதினைந்து புள்ளி பெறும் அனுபவம், அதைத் தாண்டி வெளியே வந்ததும் சுழியமாகிவிடுகிறது.

ஒரே நாடு இரண்டு அளவுகோல் வைத்திருப்பது எங்ஙனம்? 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. ஆட்களைத் தெரிந்தெடுப்பதில் மத்திய அரசின் கை மேலோங்கியது. தொழில்களை ஒழுங்குபடுத்துவது மாகாணங்களின் உரிமை. மாகாணங்களோ அவ்வதிகாரத்தை அந்தந்தத் தொழிலாளர் மன்றங்களிடமே ஒப்படைத்துள்ளன. அழைத்தவர் வேறு, கதவைத் திறக்க வேண்டியவர் வேறு. பட்டம் கனடியப் பட்டத்துக்கு நிகரானது என்று மதிப்பீட்டு நிறுவனம் தரும் தாள் குடிவரவு அலுவலகத்தில் செல்லும். தொழில் மன்றத்தை அது கட்டுப்படுத்தாது.

ஒன்ராறியோவில் பொறியியலாளர் உரிமம் பெற நான்காண்டுப் பணி அனுபவம் வேண்டியிருந்தது. அதில் 12 மாதம் கனடாவில், உரிமம் பெற்ற பொறியியலாளர் ஒருவரின் கீழ்ப் பெற்றதாக இருத்தல் வேண்டும். உரிமம் இல்லை என்பதால் வேலை தர நிறுவனங்கள் தயங்கின. வேலை இல்லாததால் அந்தப் பன்னிரண்டு மாதம் கிட்டவில்லை. நீச்சல் பழகாமல் குளத்தில் இறங்காதே என்ற கதை. 2023 மே மாதத்தில் இந்நிபந்தனை நீக்கப்பட்டது. நல்லது. ஆயினும் அதற்கு முன் இரவுக் காவலராகவும் ரக்சி ஓட்டுநராகவும் கழிந்த இருபது ஆண்டுகளை யார் எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

மருத்துவர்களின் நிலை இன்னும் கடினமானது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு காலத்தில் வெளிநாட்டு மருத்துவர்களை அவர்கள் பயின்ற நாட்டைக் கொண்டே இரு வகையாகப் பிரித்தார்கள். பிரித்தானியா, அயர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகியவை முதல் வகை. எஞ்சிய உலகம் முழுவதும் இரண்டாம் வகை. இது பாரபட்சமே என்று அம்மாகாணத்தின் மனித உரிமைத் தீர்ப்பாயம் 1999இல் தீர்ப்பளித்தது. தேர்வே வேண்டாம் என்பார் கட்சியில் நான் இல்லை. உயிரைக் கையில் வாங்குபவரைச் சோதிப்பது சமூகத்தின் கடமை. ஆனால் தேர்வுகளில் தேறிய பின்னரும் பயிற்சி இடம் கிடைக்காது நிற்பதே இங்குள்ள துயரம். வெளிநாட்டில் பயின்றோர்க்கு ஒதுக்கும் பயிற்சி இடங்கள் மிகச் சில. ஒன்ராறியோவில் அவ்விடம் பெற்றவர், பயிற்சி முடிந்தபின் அரசு குறிக்கும் பகுதியில் ஐந்தாண்டு பணிபுரிய ஒப்பந்தமும் எழுதித்தர வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மருந்துகளுக்குத் தடை இருந்தது. அந்த ஆண்டுகளில் அங்கு கற்று, அங்கேயே காயம்பட்டோர்க்குச் சிகிச்சை அளித்த ஒருவரைப் பார்த்து உமக்கு அனுபவம் போதாது என்று சொல்வதில் உள்ள சொற்பிழையை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. நம்மில் மிகப் பலர் புள்ளிமுறையால் வந்தவர்கள் அல்லர். 1983க்குப் பின் அகதிகளாகவும் உறவினர் அழைப்பிலும் வந்தவர்கள். அவர்கள் படிப்பை வாயிலில் எவரும் எடை போடவே இல்லை. பின்னாளில் மதிப்பீட்டுக்குச் சென்றபோது, பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பவேண்டும் என்றார்கள். எந்த நாட்டை விட்டு உயிர் தப்பி ஓடிவந்தோமோ அந்த நாட்டின் அலுவலகத்துக்கே கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது, நகையை மறந்தவர்கள் கூடச் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துவந்ததை நாம் அறிவோம். அவ்வளவு மதித்த தாள்கள் இன்று அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன.

சட்டங்கள் அசைந்திருக்கின்றன. கனடிய அனுபவத்தைக் கண்டிப்பாகக் கேட்பது மேலோட்டத்திலேயே பாரபட்சம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இல் அறிவித்தது. வேலை விளம்பரங்களில் அதைக் கோரலாகாது என்ற சட்டம் 2024இல் நிறைவேறி, 2026 ஜனவரி முதல் நாளை நடைமுறைக்கு வரும் நாளாகக் குறித்தது. விளம்பரத்திலிருந்து ஒரு சொல்லை நீக்கலாம். படிப்பவர் மனத்திலிருந்து நீக்குவது எளிதன்று. ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒரியோபொலஸ் சுமார் 13,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. ஆங்கிலப் பெயர் தாங்கிய விண்ணப்பங்களை விட இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்கள் தாங்கியவற்றுக்கு அழைப்புகள் குறைவாகவே வந்தன. வெளிநாட்டு அனுபவத்தைக் குறித்தபோதும் அதே கதிதான். நம்மவர் இதை ஆய்வு வருமுன்பே உணர்ந்துவிட்டனர் போலும். சிவசுப்பிரமணியம் என்ற ஐந்தசைப் பெயர், விண்ணப்பத்தில் 'சிவா' என்ற ஓரசையாயிற்று. யாப்பு அறிந்தோர் இந்தக் குறுக்கத்துக்கு எந்த விகாரத்தின் பெயரைச் சூட்டுவார்களோ, நான் அறியேன்.

இனி நம் பக்கம் வருகிறேன். பிறரைக் குறை கூறுவது எளிது. வைத்தியர், பொறியியலாளர் என்ற இரு நாற்காலிகளுக்கு மட்டுமே மரியாதை தந்து பழகிய சமூகம் நம்முடையது. ஆகவே அந்த நாற்காலியை இழந்தவர் தம் இழப்பை ஊருக்கு மட்டுமன்றித் தம் பிள்ளைகளுக்கும் மறைத்தார். அப்பா முன்பு என்ன வேலை செய்தார் என்று தெரியாத பிள்ளைகள் என் வகுப்புகளில் இருந்திருக்கிறார்கள். மனைவியர் நிலை இதனினும் மங்கலானது. கணவரின் தேர்வுக்காக மனைவி தொழிற்சாலைக்குச் சென்ற வீடுகள் உண்டு. அவளும் ஒரு பட்டதாரி ஆசிரியை என்பது எவர்க்கும் நினைவில்லாது போயிற்று.

கவிதையும் இந்த மௌனத்துக்குத் துணை நின்றது என்பதே என் முறையீடு. பனியை எழுதினோம், பனையை எழுதினோம், போரை எழுதினோம். கோப்பை கழுவிய கைகளையும் எழுதினோம். ஆனால் அந்தக் கைகள் அதற்கு முன் எதைச் செய்யக் கற்றிருந்தன என்பதை எழுதியவர் மிகச் சிலர். நம் கவிதைகளில் வரும் தொழிலாளி முன்கதை இல்லாதவராகவே வருகிறார். அவர் நில அளவையாளராக இருந்திருந்தால் நிலத்தை அவர் பார்க்கும் விதமே வேறு. பனி மூடிய வெளியும் அவர் கண்ணுக்கு மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். அந்தப் பார்வை நம் கவிதைக்குள் வரவில்லை.

ஒரு தொழிலை இருபது ஆண்டுகள் செய்யாதிருந்தால் அதன் சொற்கள் முதலில் மறக்கும். தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் இவ்விழப்பே என்னை உறுத்துகிறது. ஆகவே செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்த வட்டத்தின் உறுப்பினர்களிலும் அவர்தம் பெற்றோரிலும் தொழிலை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒவ்வொருவராக அமர்த்தி, தாம் செய்த வேலையை அதன் கருவிகளின் பெயரோடும், ஊரில் வழங்கிய சொற்களோடும், ஒரு முழு நாளின் வரிசையோடும் சொல்லவைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். எழுத்தில் பெயர்க்கும் பணியை என் மாணவர்கள் ஏற்பார்கள். பெண்களிடம் முதலில் கேளுங்கள். அவர்களிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது இருவரின் பெயரையாவது எழுதிக்கொண்டு வாருங்கள்.