கேசட்டுக்குள் காத்திருக்கும் கல்யாணம்

(தொலைக்காட்சி மேடை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அது கிள்ளானில் இருக்கலாம், ஈப்போவில் இருக்கலாம், சிங்கப்பூரின் ஈசூனிலும் இருக்கலாம். 2007ஆம் ஆண்டு அந்த வீட்டில் மூத்த மகளுக்குத் திருமணம். தாய்மாமன் புத்தம்புதிய வீடியோ கேமராவோடு மண்டபத்திற்கு வந்து நிற்கிறார்.

"அக்கா, இது எச்.டி. கேமரா. படம் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்கிறார்.

"எடு தம்பி. பாட்டியை நல்லா எடுத்து வை" என்கிறார் மணப்பெண்ணின் தாயார்.

படம் எடுத்தாயிற்று. ஒரு மாதத்தில் டிவிடியும் கைக்கு வந்துவிட்டது. எல்லாரும் பார்த்து மகிழ்ந்தார்கள். வருடங்கள் ஓடின. பாட்டி காலமானார். பிறகு ஒரு தீபாவளியன்று, வீட்டில் இருக்கும் 55 அங்குலத் தொலைக்காட்சியில் அந்த டிவிடியைப் போட்டுப் பார்க்கிறார்கள். படம் மங்கலாக இருக்கிறது.

"மாமா, அப்ப எச்.டி. கேமரான்னு சொன்னீங்களே? பாட்டி முகமே சரியாத் தெரியலையே?" என்று கேட்கிறார் அன்றைய மணப்பெண்.

மாமா சொன்னது பொய்யா? இல்லை. பாட்டியின் முகம் தெளிவாகத்தான் பதிவாகியிருக்கிறது. ஆனால், அந்தத் தெளிவு டிவிடியில் இல்லை. மாமா வீட்டு அலமாரியில், பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் கேசட்டில் இருக்கிறது. திருமணம் நடந்த நாளிலிருந்து இன்றுவரை, அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடத் தங்கள் படத்தை அதன் உண்மையான தெளிவில் பார்த்ததில்லை.

அந்தக் கேசட்டைப் பற்றியும், அதைப் படிக்கத் தெரிந்த கேமராவைப் பற்றியும்தான் இந்த உரை.

பழைய கேசட்டில் புதிய படம்

2003ஆம் ஆண்டு சோனி, ஜேவிசி, கேனன், ஷார்ப் ஆகிய நான்கு ஜப்பானிய நிறுவனங்கள் எச்.டி.வி. என்ற பதிவு முறையை அறிவித்தன. 2005ஆம் ஆண்டில் சோனியின் எச்.சி.1, 2007இல் கேனனின் எச்.வி.20 என்று, கையடக்கமான கேமராக்கள் சாதாரண மக்களுக்கும் கிடைத்தன. அதற்கு முன் எச்.டி. படம் என்பது பெரிய நிலையங்களின் சொத்தாக இருந்தது.

இந்த முறையின் சிறப்பு என்னவென்றால், புதிதாக ஒரு கேசட்டைத் தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே கடைகளில் கிடைத்த மினி டி.வி. கேசட்டையே பயன்படுத்தலாம். இங்கே டி.வி. என்றால் தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ. நாடாவின் அகலம் கால் அங்குலம். ஒரு கேசட்டில் வழக்கமாக 60 நிமிடப் படம் பதியும்.

அதே நாடாவில் எப்படிக் கூடுதல் தெளிவு வந்தது? பழைய முறையில் ஒவ்வொரு படமும் தனித்தனியாகப் பதிவானது. எச்.டி.வி. முறையில் ஒரு முழுப் படம் பதிவாகும். அடுத்து வரும் படங்களில் மாறிய பகுதிகள் மட்டும் பதிவாகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விற்ற கேமராக்களில், 1080 கோடுகள் கொண்ட பதிவுக்கு இப்படி 12 படங்கள் ஒரு கொத்து. இடம் மிச்சமானதால் தெளிவைக் கூட்ட முடிந்தது. டிவிடியின் ஒரு படத்தில் இருப்பவை 720க்கு 576 புள்ளிகள். எச்.டி.வி. கேசட்டில் 1440க்கு 1080 புள்ளிகள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய நாலு பங்கு.

கையாண்டவர்களுக்குத் தெரியும்

அந்தக் கேமராவை வைத்திருந்தவர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. தாலி கட்டும் நேரம் பார்த்துக் கேசட் முடிந்துவிடும். சில கேமராக்களில் கேசட்டை அடிப்பக்கமாகப் போடவேண்டும். அதற்கு முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்றவேண்டும். அதற்குள் கெட்டிமேளம் முடிந்துவிடும். அதனால் அனுபவசாலிகள், பத்து நிமிட நாடா மீதமிருந்தாலும் முகூர்த்தத்திற்கு முன்பே புதுக் கேசட்டுக்கு மாறிவிடுவார்கள்.

அட்சதையும் பூவும் மழையாகப் பொழியும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். மாறிய பகுதியை மட்டும் பதியும் முறையில், எல்லாமே ஒரே நேரத்தில் மாறினால் கேமரா திணறும். பத்துமலையில் காவடி சுழன்று ஆடும்போதும் இதே கதைதான். புகைப்படக்காரரின் ஃபிளாஷ் மின்னினால் படத்தின் பாதி மட்டும் வெளுத்துப் போவதும் உண்டு. குளிரூட்டப்பட்ட காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்தவுடன் உள்ளே ஈரம் படிந்து, எச்சரிக்கை காட்டி நின்றுவிடுவதும் உண்டு.

இத்தனை தொல்லைக்கும் ஒரு கைம்மாறு இருந்தது. எடுத்த படம் கேசட்டிலேயே தங்கியது. பின்னாளில் ஹார்ட் டிஸ்க்கிலும் நினைவட்டையிலும் எடுத்தவர்கள், கணினிக்கு மாற்றிவிட்டு அட்டையை அழித்தார்கள். கணினி பழுதானபோது படமும் போனது. கேசட்டில் எடுத்தவரோ, மேலே தேதியை எழுதி அலமாரியில் வைத்தார். மூலப்படம் இன்றும் அங்கேயே இருக்கிறது. அதன்மேல் வேறொரு விழாவைப் பதியாமல் இருந்தால் சரி.

ஏன் யாரும் பார்க்கவில்லை?

இங்கேதான் ஒரு வேடிக்கை. கேமரா எச்.டி. ஆனபோது வீடு எச்.டி. ஆகவில்லை. மலேசியாவில் ஆஸ்ட்ரோ தன் எச்.டி. சேவையைத் தொடங்கியதே 2009 டிசம்பரில்தான். 2007இல் பல வீடுகளின் வரவேற்பறையில் இருந்தது பெட்டி போன்ற பழைய தொலைக்காட்சி. அன்றைய கணினிகளும் எச்.டி. படத்தைத் தொகுக்கத் திணறின. ஆகவே பலர், கேமராவின் மெனுவில் இருந்த ஒரு வசதியைப் பயன்படுத்தி, எச்.டி. படத்தைச் சாதாரணத் தரத்திற்கு இறக்கி, அதிலிருந்து டிவிடி தயாரித்தார்கள். டிவிடி உறவினர் வீடுகளுக்கெல்லாம் போனது. கேசட் டின்னுக்குள் போனது.

இதில் திருமணங்கள் மட்டும் அடங்கவில்லை. 2011 ஜூலை 1 முதல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் மூடப்பட்டது. அங்கிருந்து வடக்கே செல்லும் ரயிலில் ஏறிய குடும்பங்களின் பழைய கேசட்டுகளில் அந்த மேடையும் மணியோசையும் இருக்கும். இடம் மாறிப்போன கோயில்கள், ஆளில்லாமல் போன தோட்டத்து லயங்கள், மறைந்த பெரியவர்களின் பேச்சு ஆகியவையும் வீட்டுக் கேசட்டுகளில்தான் இருக்கின்றன. பெரும்பாலும் அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

மூன்று பக்கமும் நெருக்கடி

முதலாவது, நாடா. இந்த நாடுகளின் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். எச்.டி.வி. கேசட்டில் ஒரு சிறு இடம் கெட்டாலும், படங்கள் கொத்தாகப் பதிவாகியிருப்பதால், அரை வினாடிப் படம் உறைந்து நின்றுவிடலாம்.

இரண்டாவது, கேமரா. கேசட் மட்டும் இருந்தால் போதாது; ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பழைய மினி டி.வி. கேமராவில் எச்.டி.வி. கேசட் ஓடாது. கேனனின் கையடக்க எச்.டி.வி. வரிசையில் கடைசி மாடலான எச்.வி.40 வெளிவந்தது 2009இல். இருக்கும் கேமராக்களின் ரப்பர் உருளைகளும் மோட்டார்களும் ஆண்டுக்கு ஆண்டு தேய்கின்றன. மினி டி.வி. கேசட் தயாரிப்பைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

மூன்றாவது, கம்பி. இந்தக் கேமராக்களிலிருந்து படம் வெளியே வரும் முறையான வழி ஃபயர்வயர். சோனி அதற்கு ஐ.லிங்க் என்று பெயர் வைத்தது. புதிய கணினிகளில் அந்தத் துளையே இல்லை. 2025இல் வெளியான ஆப்பிளின் மேக் இயங்குதளம் ஃபயர்வயர் ஆதரவையே கைவிட்டது.

செய்யவேண்டியவை

முதலில் ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் உள்ள சிறு தாழ்ப்பாளை "சேவ்" பக்கம் தள்ளிவிட வேண்டும். அதன்பின் தவறுதலாகக்கூட மேலே எதுவும் பதியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதைக் கேமராவில் போடவே கூடாது. கேமராவின் தலையும் கெட்டு, அடுத்த கேசட்டும் கெடும். அதற்கென்று உள்ள நிபுணர்களிடம் கொடுப்பதே நல்லது.

நல்ல கேசட்டை ஒருமுறை முழுவதும் ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகு போடலாம். கேமராவை மாற்றும் பணிக்கு முன் தலைசுத்தக் கேசட்டைச் சில வினாடிகள் மட்டும் ஓட்டினால் போதும். அளவுக்கு மீறினால் தலை தேயும்.

கேமரா பழுதாகிவிட்டதா? உறவினரிடமோ நண்பரிடமோ ஒன்று கிடக்கும். பழைய கேமரா வாங்குவோர், ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டிப் பார்த்தே வாங்கவேண்டும். ஜப்பானிலோ அமெரிக்காவிலோ வாங்கிய கேமராவாக இருந்தால் கவனம் தேவை. அங்குள்ள பதிவு முறை வேறு, இங்குள்ள கேசட் அதில் பெரும்பாலும் ஓடாது. இன்னொரு நல்ல செய்தி: எச்.டி.வி. கேமரா பழைய சாதாரண மினி டி.வி. கேசட்டையும் படிக்கும். ஆகவே குடும்பத்தில் ஒரே ஒரு நல்ல கேமரா இருந்தாலும் இரண்டு வகைக் கேசட்டுகளையும் காப்பாற்றலாம்.

கணினியைப் பொறுத்தவரை, ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி, அல்லது ஃபயர்வயர் அட்டை பொருத்திய மேசைக் கணினி போதும். ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யூ.எஸ்.பி. என்று மலிவாக விற்கும் வெறும் கம்பிகளை நம்பி ஏமாறக் கூடாது. பல கேமராக்களில் உள்ள யூ.எஸ்.பி. துளையும் புகைப்படங்களை மாற்றுவதற்கு மட்டுமே. எந்த வழியும் இல்லையென்றால், எச்.டி.எம்.ஐ. துளை உள்ள கேமராவிலிருந்து பதிவுக் கருவி வழியாக எடுப்பது கடைசி வழி.

மிக முக்கியமான ஒன்று: கேமரா மெனுவில் எச்.டி. படத்தைச் சாதாரணத் தரத்திற்கு இறக்கும் தேர்வு அணைக்கப்பட்டிருக்க வேண்டும். அதை மறந்தால் மறுபடியும் அதே மங்கலான படம்தான் வந்துசேரும்.

60 நிமிடக் கேசட்டை மாற்ற 60 நிமிடமே ஆகும். குறுக்கு வழி கிடையாது. ஒரு கேசட்டுக்கு ஏறக்குறைய 11 கிகாபைட் இடம் வேண்டும். பத்துக் கேசட் இருந்தாலும் இன்றைய சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மூலைக்குத்தான் வரும். எனவே மூலக் கோப்பைச் சுருக்காமல் அப்படியே வைத்து, அதிலிருந்து கைப்பேசிக்கு வேண்டிய சிறு பிரதியைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். மூலக் கோப்பு இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீடுகளில் இருப்பது நல்லது. மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கி எறியக் கூடாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைக்கலாம்.

வேலையைத் தொடங்குவதற்கு எல்லாக் கேசட்டுகளும் ஒன்றாகச் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் யாருடைய முகம் இனிப் பார்க்கக் கிடைக்காதோ, அவர் இருக்கும் கேசட்டை எடுங்கள்.

அந்தத் தாய்மாமனுக்கும் வயதாகிவிட்டது. எந்தக் கேசட்டில் எந்த விழா, ஓரத்தில் நிற்பவர் யார், அவர் எந்தத் தோட்டத்து உறவு என்பதெல்லாம் அவர் நினைவில்தான் இருக்கிறது. கேசட் ஓடும் அந்த ஒரு மணி நேரம் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நெல்லுக்கு மட்டும் சொன்னதல்ல.

இந்த வார இறுதியில் அந்தப் பிஸ்கட் டின் திறக்கட்டும். பாட்டியின் முகத்தை, மாமா அன்று சொன்ன அதே தெளிவோடு, குடும்பம் முதன்முறையாகப் பார்க்கட்டும்.