அறாத கயிறு

திருவாரூர்த் திருக்குளத்தை அகழ்ந்த தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். குளத்தினுள்ளும் கரையிலும் தறி நட்டு, கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்றே மண் சுமந்தார். அக்கயிறு இடையில் அற்றிருந்தால் அவர் என் செய்வார்? எண்ணிப் பாருங்கள்.

பார்வையற்றோர்க்கு எழுத்தும் அத்தகைய கயிறே. அமெரிக்க நாட்டிலே பெனிடெக் என்னும் அறநிறுவனம் 2002ஆம் ஆண்டு ‘புக்ஷேர்’ என்னும் நூலகத்தை அவர்கட்காகத் தொடங்கிற்று. தொண்டர்கள் நூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தனர். கணிப்பொறி அப்படத்தை எழுத்தாக்கிற்று. குரலாகவும் பிரெயிலாகவும் அது படிப்பவரைச் சேர்ந்தது.

ஆயின் பொறிக்குப் பொருள் தெரியாது. ஆங்கிலத்தில் ஆர், என் என்னும் ஈரெழுத்து நெருங்கி நின்றால், எம் என்னும் ஓரெழுத்தாகக் கொண்டுவிடும். புதுமையைக் குறிக்கும் ‘மாடர்ன்’, தொலைபேசிக் கம்பியோடு கணிப்பொறியை இணைக்கும் ‘மோடம்’ ஆகிவிடும்! கண்ணுடையார் அச்சுநூலைப் புரட்டி ஐயம் தீர்வர். செவியால் படிப்பவர் யாரைக் கேட்பார்?

ஆதலின் தொண்டர்கள் வரிவரியாக மெய்ப்புப் பார்த்துத் திருத்தினர். பார்வையற்றோர் சிலரும் செவியாலும் விரலாலும் படித்து இப்பணி செய்தனர். படிப்பவரைத் திருத்தியவர் அறியார். திருத்தியவரைப் படிப்பவர் அறியார். பிழை நீங்கிய இடத்தில் தொண்டின் சுவடும் இராது. அதுவன்றோ தொண்டு!

நீங்களும் பார்வையற்ற ஒருவர்க்கு நூல் படித்துக் காட்ட அமர்வீராயின், ஒரு சொல்லையும் தாண்டிப் போகாதீர்கள். கயிறு அறுவது அங்கேதான்.