கோர்ட்டில் சண்டை போடாமல் பிரிவது

(பீன்யாவில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் ஜாதகப் பரிவர்த்தனை பற்றி நிறையப் பேசுகிறோம். கல்யாணமானபின் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று பேசுவதில்லை. இந்தத் தலைப்பைச் சொன்னதும் செயற்குழுவில் ஒருவர், "நல்ல நாளும் அதுவுமா இது எதுக்கு ஸ்வாமி?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நான் வக்கீல் இல்லை, ஆடிட்டர். முப்பது வருஷமாக இந்தப் பீன்யா தொழிற்பேட்டையில் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். கணவனும் மனைவியும் பார்ட்னராக இருந்து நடத்தும் யூனிட்டுகள் இங்கே ஏராளம். அவர்கள் பிரிகிறார்கள் என்றால் முதலில் கோர்ட்டுக்குப் போவது என் பீரோவில் இருக்கும் ஃபைல்தான்.

ஒரு விஷயத்தை இன்று சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன், ஜீவனாம்சக் கேஸ் நடந்துகொண்டிருந்த ஒரு கட்சிக்காரர் மார்ச் மாதத்தில் வந்தார். "சார், இந்த வருஷம் லாபம் கொஞ்சம் கம்மியா வரணும். தப்பா எதுவும் வேண்டாம், சட்டத்துக்குள்ளயே பாத்துக்கோங்கோ" என்றார். பார்த்துக்கொண்டேன். புது மெஷின் வாங்கித் தேய்மானம் எடுத்தோம். அவர் தன் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டார். தம்பியைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தார். ஒரு பைசா பொய்க் கணக்கு இல்லை. அந்தக் கேஸ் ஏழு வருஷம் நடந்தது. முடியும்போது பட்டறையே கைமாறிவிட்டது, பங்கு போட எதுவும் மிஞ்சவில்லை. நடுவில் ஒரு நாள் கோர்ட் வராந்தாவில் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "மாமா, நிஜ நம்பர் உங்களுக்குத் தெரியும் இல்லையா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன்.

அதனால்தான் இந்த வயதில் போய் ஒரு பயிற்சியில் உட்கார்ந்தேன். கொலாபரேட்டிவ் டைவர்ஸ் என்பார்கள். கூட்டுமுறை விவாகரத்து என்று வைத்துக்கொள்ளலாம். 1990-ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்துக் குடும்ப வக்கீல் ஸ்டூவர்ட் வெப் என்பவர், கோர்ட் சண்டை அலுத்துப்போய், இனி சமரசம் பேச மட்டுமே வருவேன் என்று அறிவித்துவிட்டார். பேச்சு முறிந்தால் விலகிக்கொள்வார். கட்சிக்காரர் வேறு வக்கீலைத்தான் தேடிக்கொள்ள வேண்டும். இந்த முறைக்கு உயிரே அந்த நிபந்தனைதான். இரண்டு பக்க வக்கீல்களும் ஆரம்பத்திலேயே அப்படிக் கையெழுத்துப் போடுகிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் தனக்கு வேலை போய்விடும் என்று தெரிந்த வக்கீல் எப்படிப் பேசுவார் என்று யோசித்துப் பாருங்கள்!

மத்தியஸ்தத்தில் நடுவில் ஒருவர் இருப்பார். இங்கே அவரவர் பக்கத்தில் அவரவர் வக்கீல் இருக்கிறார். பிறகு கலிபோர்னியாவில் பெக்கி தாம்ஸன் போன்ற மனநல நிபுணர்கள் சேர்ந்து இதை ஒரு அணியாக விரித்தார்கள். கோபத்தையும் அழுகையையும் கையாள ஆலோசகர்கள், குழந்தையின் மனதை அறிய ஒரு நிபுணர், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கணக்கர் என்று அமைப்பு வந்தது. அந்தக் கணக்கர் நாற்காலிதான் எனக்கு. ஒரு பக்கத்துக்கு ஏற்கெனவே கணக்கு எழுதியவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆகவே என் பீன்யா கட்சிக்காரர்களுக்கு நான் உதவ முடியாது.

பயிற்சி இரண்டு நாள். பாதி நேரம் நாடகம் மாதிரிதான். ஒருவர் கணவன், ஒருவர் மனைவி, மற்றவர்கள் அணி. மனைவியாக நடித்த அம்மாள் பேலன்ஸ் ஷீட்டைக் காட்டி, "இதில் எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். நான் தேய்மானம், ரிசர்வ், மூலதனக் கணக்கு என்று விளக்கிக்கொண்டே போனேன். ஆலோசகராக இருந்த பெண் என் கையைத் தொட்டு நிறுத்தினார். "சார், அவங்க கேக்கறது அடுத்த மாசம் வாடகை கட்ட முடியுமான்னு." முப்பது வருஷ அனுபவம் ஒரு நிமிஷத்தில் காற்றிறங்கிப் போயிற்று. அங்கிருந்த வக்கீல்கள் பாடு இன்னும் கஷ்டம். எதிராளி ஒன்று சொன்னவுடன் "ஆட்சேபிக்கிறேன்" என்று வாய் தானாகத் திறக்கிறது!

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. கோர்ட்டை அடியோடு தவிர்க்கவும் முடியாது. சண்டையை வெளியே முடித்துக்கொண்டு, உத்தரவுக்காக மட்டும் உள்ளே போகலாம். ஹிந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்த்த 13பி பிரிவின்படி, ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்தபின் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. ஜீவனாம்சம், குழந்தை எல்லாவற்றையும் உண்மையாகவே பேசித் தீர்த்திருந்தால், தகுந்த சந்தர்ப்பத்தில் கோர்ட் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுப்பாடத்தை முன்பே முடித்தவர்களுக்கு அங்கேதான் பலன்.

கணக்கு விஷயத்தில் என் போன்றவர்களுக்குக் கடிவாளமும் வந்துவிட்டது. 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்சக் கேஸில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்தது. கூட்டுமுறையில் அதையே முதல் சந்திப்புகளில் தாமாக மேஜையில் வைக்கிறார்கள். இருவரும் ஒரே லெட்ஜரைப் பார்க்கிறார்கள். அதற்கப்புறம் ஒளித்து வைத்து என்ன பிரயோஜனம்?

முழு அணியை அமர்த்தச் செலவாகும், எல்லோருக்கும் முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு நீதிமன்றத்தோடு இணைந்த மத்தியஸ்த மையங்கள் இருக்கின்றன. சென்னையில் 2005-லேயே தொடங்கினார்கள். இங்கே உயர் நீதிமன்றத்தின் கீழ் பெங்களூர் மத்தியஸ்த மையம் 2007-ல் வந்தது. அது எச். சித்தையா சாலையில் நியாய தேகுல கட்டடத்தில் இருக்கிறது. பீன்யாவில் பச்சைத் தட மெட்ரோ ஏறினால் மாறாமல் லால்பாக்கில் இறங்கலாம். அங்கே உட்காரும் மத்தியஸ்தர்கள் 40 மணி நேரப் பயிற்சி பெற்றவர்கள். திருமண வழக்குகளில் குடும்ப நீதிமன்றங்கள் சமரச முயற்சிக்கு இடம் தர வேண்டும் என்று 2013-ல் கே. ஸ்ரீனிவாச ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது.

பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒருவர் மட்டும் வாங்கிவரும் விவாகரத்து இங்கே செல்லாமல் போகலாம். 1991-ல் ஒய். நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதியைச் சொல்லிவிட்டது. மற்றவரும் சம்மதித்திருந்தால் நிலைமை வேறு. எனவே அங்கே கூட்டுமுறையில் பிரிகிறவர்கள், இந்தியாவில் என்ன ஆகும் என்று இங்குள்ள வக்கீல் ஒருவரை அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த மேஜையில் நமக்கு நாற்காலி கிடையாது. "நாங்க பேசி முடிச்சுடறோம்" என்று மாமாவும் சித்தப்பாவும் கிளம்பிப் போய், கல்யாணச் செலவையும் வைரத்தோட்டையும் இழுத்து, முடிகிற பேச்சு முறிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பயிற்சியின் கடைசி மதியம், பத்து வயதுப் பையனுக்கான வளர்ப்புத் திட்டம் எழுதினோம். பள்ளி விடுமுறை, பாஸ்போர்ட், வைத்தியச் செலவு, தாத்தா பாட்டியைப் பார்க்கும் நாள் எல்லாம் பட்டியலில் இருந்தன. நான் கையைத் தூக்கி, "உபநயனம் விட்டுப்போச்சு" என்றேன். பிரம்மோபதேசத்துக்கு அப்பா வேண்டும், முதல் பிக்ஷைக்கு அம்மா வேண்டும். தீர்ப்பு வந்தபின் இதற்கு யாரைப் போய்க் கேட்பது? இருவரும் அன்று வருவது, செலவு பாதிப் பாதி, பத்திரிகையில் இரண்டு பேர் பெயரும் போடுவது என்று நான் வேகமாக எழுதிக்கொண்டே போனேன். குழந்தை நிபுணராக உட்கார்ந்திருந்தவர் என் காகிதத்தைப் பார்த்து, "அன்னிக்கு அவங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பாத்தா அவனுக்கு எப்படி இருக்கும்னு யாராவது அவனைக் கேட்டேளா?" என்றார்.

கேட்கவில்லை. அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு எழுந்தோம்.

காபி ரெடி என்று பின்னாலிருந்து சைகை காட்டுகிறார்கள். மைக்கில் கேட்கச் சங்கடப்படுகிறவர்கள் அப்புறம் தனியாக என்னிடம் வரலாம். பெயரும் ஊரும் சொல்ல வேண்டியதில்லை.