சொல்லுக்கு வழிவிட்ட இசை



மெட்டு முந்தியதா, சொல் முந்தியதா என்னும் வினா பாட்டெழுதுவோர் கூடும் இடமெல்லாம் எழுவது. ஒருவருடைய வாழ்க்கையே அவ்வினாவுக்கு விடையாக அமைந்ததுண்டு. அவர் அமெரிக்க இசை நாடக உலகின் தலைசிறந்த இசையமைப்பாளர்களுள் ஒருவரான ரிச்சர்ட் ராட்ஜர்ஸ். வாழ்வின் முற்பாதியில் பெரும்பாலும் மெட்டை முதலில் தந்தார். பிற்பாதியில் சொல்லை முதலில் பெற்றார். இரண்டு வழியிலும் புகழ் வந்தது. ஆனால் இரண்டு வழியிலும் பிறந்த இசை ஒன்றன்று.

1902 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார் ராட்ஜர்ஸ். பதினாறாம் வயதில் லாரன்ஸ் ஹார்ட் என்னும் பாடலாசிரியரைச் சந்தித்தார். ஹார்ட் ஏழு ஆண்டு மூத்தவர். தொடக்க ஆண்டுகளில் வெற்றி வாய்க்கவில்லை. இசையைக் கைவிட்டுக் குழந்தைகளின் உள்ளாடை வணிகத்தில் வேலைக்குச் செல்லவும் ராட்ஜர்ஸ் எண்ணினார். அந்நிலையில் 1925இல் அரங்கேறிய 'தி கேரிக் கெய்ட்டீஸ்' இருவரையும் ஒரே இரவில் உயர்த்தியது.

ஹார்ட் பெருங்குடியர். ஓரிடத்தில் அமர்த்தி எழுதவைப்பதே அரிது. ராட்ஜர்ஸ் மெட்டமைத்துப் பியானோவில் வாசித்துக் காட்டினால்தான் அவருடைய எழுதுகோல் அசையும். அசைந்துவிட்டாலோ இயைபுகள் அருவியாய்க் கொட்டும். நகையும் துயரமும் ஒரே அடியில் நிற்கும். மெட்டு முந்தும் முறைக்கு 1934இல் வெளிவந்த 'புளூ மூன்' நல்ல சான்று. திரைப்படத்துக்கென அமைத்த அம்மெட்டுக்கு ஹார்ட் அடுத்தடுத்து மூன்று பாடல்கள் எழுதினார், எதுவும் நிலைக்கவில்லை. நான்காவதாக எழுதியதே உலகம் அறிந்த பாடல். ஒரு மெட்டு நான்கு பொருளைத் தாங்கியது என்றால், அது எந்தப் பொருளுக்கும் தனியுரிமையானதன்று என்பதே கருத்து. இனிமை உண்டு, அந்தப் பாத்திரத்துக்கு மட்டுமே உரியது என்னும் கட்டாயம் இல்லை.

1942இல் லின் ரிக்ஸ் எழுதிய நாட்டுப்புற நாடகம் ஒன்றை இசை நாடகமாக்கும் வாய்ப்பு வந்தது. ஹார்ட்டுக்கு அதில் நாட்டமில்லை; உடலும் தளர்ந்திருந்தது. ராட்ஜர்ஸ் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனை நாடினார். இருபதாண்டு தாண்டிய நட்பை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் புதியவருடன் பணியாற்றுவது எளிய செயலன்று. 1943 மார்ச் 31இல் 'ஓக்லஹோமா!' அரங்கேறிய இரவில் ஹார்ட் பார்வையாளராக வந்திருந்தார், மனமாரப் பாராட்டினார். அதே ஆண்டு நவம்பர் 22இல் நிமோனியாவால், நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

ஹாமர்ஸ்டைனும் அதுவரை பெரும்பாலும் மெட்டுக்கே எழுதிப் பழகியவர். இப்போது இருவரும் முறையைத் திருப்பிக்கொண்டனர்: சொல் முதலில், இசை பின்னர். 'ஓக்லஹோமா!'வின் தொடக்கப் பாடலை எழுத ஹாமர்ஸ்டைனுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. கையில் வந்த பாடலுக்கு ராட்ஜர்ஸ் சில நிமிடங்களில் இசையமைத்தார். இதை வெறும் வேகம் என்று கொள்ளலாகாது. மூன்று வாரம் செதுக்கப்பட்ட சொற்களுக்குள்ளேயே அந்த இசை உறங்கிக் கிடந்தது. ராட்ஜர்ஸ் அதை எழுப்பினார். திரை விலகியதும் ஆடல் மகளிர் கூட்டம் இல்லை. ஒரு மூதாட்டி வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறாள். மேடைக்கு வெளியிலிருந்து ஒற்றைக் குரல் பக்க இசையின்றி எழுகிறது. அத்தகைய எளிமை பிராட்வேக்குப் புதிது. அந்நாடகம் 2,212 முறை தொடர்ந்து நிகழ்ந்தது.

1945இன் 'கேரௌசல்' நாடகத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு தனிமொழிப் பாடல் உண்டு. தந்தையாகப் போகும் ஒருவன் பிறக்கவிருக்கும் மகனைப் பற்றிப் பெருமிதத்தோடு பாடுகிறான். திடீரென, பிறப்பது மகளாயின் என்ன செய்வது என்னும் எண்ணம் தைக்கிறது. இசையும் அங்கே மெலிந்து கனிகிறது. இந்த இசையை வேறொரு பாடலுக்கு மாற்றிப் பொருத்த இயலாது. 'புளூ மூன்' மெட்டுக்கும் இதற்கும் உள்ள தொலைவே ராட்ஜர்ஸின் வளர்ச்சி.

1949இன் 'சவுத் பசிஃபிக்', 1951இன் 'தி கிங் அண்ட் ஐ', 1959இன் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எனப் பெருவெற்றிகள் தொடர்ந்தன. இனவெறுப்பு பிறவிக்குணம் அன்று, குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுவது என்று கூறும் பாடலை 'சவுத் பசிஃபிக்'கிலிருந்து நீக்குமாறு சிலர் கேட்டனர். இருவரும் இணங்கவில்லை. சொல்லுக்கு இசை துணைநிற்பது என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

1960இல் ஹாமர்ஸ்டைன் மறைந்தார். இரண்டாம் முறையும் தனித்துவிடப்பட்ட ராட்ஜர்ஸ், 1962இல் 'நோ ஸ்டிரிங்ஸ்' நாடகத்துக்குப் பாடலையும் தாமே எழுதினார். 1974இல் புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளை அகற்றப்பட்டது. பேச்சையே புதிதாகப் பயின்றார்; இசையமைப்பதை விடவில்லை. 1979இல் கடைசி நாடகம் அரங்கேறியது. அவ்வாண்டு டிசம்பர் 30இல் மறைந்தார்.

மெட்டு முந்தினால் இனிய பாடல் பிறக்கலாம். ஹார்ட் போன்ற கலைஞர் வாய்த்தால் அது சிறந்த பாடலுமாகலாம். ஆனால் ஒரு மாந்தரின் நெஞ்சம் நாடகத்தில் தானே வாய்திறக்க வேண்டுமாயின், சொல் முன்னே நடக்க வேண்டும். சொல்லை முன்னே நடக்கவிடும் பணிவு பெரும்புகழ் பெற்ற பின்னும் ராட்ஜர்ஸிடம் இருந்தது. ஆயினும் அந்த முறை கவிஞரின் மீதே பெருஞ்சுமையை வைக்கிறது. ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் காத்திருக்கும் சொல்லுக்குத்தான் சில நிமிடத்தில் இசை வந்து சேரும்.