ஒரு சுழியின் எடை

மாணவர்களே, கணிப்பொறி விழித்ததும் இயக்குதளத்தின் கருவாகிய கெர்னல் நினைவகத்தில் குறித்த ஓரிடத்தில் வந்து அமர்கிறது. 2016இல் வெளிவந்த ராஸ்பெரி பை 3 என்னும் சிறு கணிப்பொறியையே எடுத்துக்கொள்வோம். அதன் செயலி 32 பிட்டு, 64 பிட்டு ஆகிய இருமுறையிலும் இயங்க வல்லது. 32 பிட்டுக் கெர்னல் ஏறும் முகவரி 32,768. 64 பிட்டுக்குத் தொடக்கத்தில் வகுத்த முகவரியோ 5,24,288. பதினாறின் அடியெண் முறையில் அவை 8000, 80000. சுழியின் பெருமையை நெடுங்காலம் வகுப்பில் ஓதிய எனக்கே இது வியப்பூட்டியது!

முதல் முகவரிக்கென்று இணைத்த நிரலை இரண்டாவதில் இறக்கினால், அது தன் தரவுகளை அவை இல்லாத இடத்தில் தேடும். திரை இருண்டே கிடக்கும்; பிழையென்று ஒரு சொல்லும் வராது. முகவரியை மட்டும் திருத்தினாலும் போதாது. இருமுறைக்கும் கட்டளைகளின் குறியீடே வேறாதலால், தனித்தனியே தொகுத்தாக வேண்டும். கோப்புக்குக் கெர்னல்8 என்று பெயரிட்டால், 64 பிட்டு என்று தொடக்க நிரல் அறிந்துகொள்ளும்.