கணக்குக்கு ஒரு மறுபிரதி

(அண்ணனூரில் கூடிய நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நம்மவர்களிற் பலர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும், திருமுல்லைவாயில், ஆவடி பக்கங்களிலும் சிறு தொழிற்சாலைகளும் வியாபார ஸ்தாபனங்களும் நடத்தி வருகின்றனர். இயந்திரத்துக்கும் சரக்குக்கும் இன்ஷூரன்ஸ் செய்திருக்கும் இவர்களை, கணக்கும் வரைபடமும் கடிதங்களும் அடங்கிய கம்ப்யூட்டர்களுக்கு மறுபிரதி உண்டோ என்று வினவினால், "பையன் எடுத்து வைத்திருப்பான்" என்று விடை வருகிறது. பையனை வினவினாலோ, முதலாளி டிஸ்க் வாங்கித் தரவில்லை என்கிறான்.

2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அத் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். நமக்குப் பழக்கமான ஒருவர் தினந்தோறும் தவறாமல் மறுபிரதி எடுப்பவர்தாம். ஆயின் அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் இருந்த மேஜையின் கீழறையிலேயே வைத்திருந்தார். மூலமும் பிரதியும் ஒருங்கே மூழ்கின. யார் யார் எவ்வளவு பாக்கி என்பதை வாடிக்கைக்காரர்களையே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஆயிற்று. வாடிக்கைக்காரர் எல்லோரும் ஞாபகசக்தி உடையவர்களாக இருப்பதில்லை.

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஊர் ஊராய்ச் சென்று ஒரே நூலுக்குப் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடித் திரட்டினார். ஓரேட்டில் செல்லரித்த பகுதி வேறோர் ஊரிலிருந்த ஏட்டில் அகப்பட்டது. எல்லா ஏடுகளும் ஒரே பரணில் இருந்திருந்தால் கறையான் ஒரே வேளையில் வேலையை முடித்திருக்கும்.

நிற்க. "எங்களுடையது யாவும் கூகுள் டிரைவில் இருக்கிறது, பயமில்லை" என்பாரும் உளர். இங்கேதான் பெரும் மயக்கம். மூலத்தோடு ஒத்திசைந்து செல்லும் நகல் வேறு, மறுபிரதி வேறு. ஒத்திசைவு என்பது நிழல் போன்றது. இங்கே ஒரு பைலை அழித்தால் அங்கேயும் அது போய்விடும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். பிறகு அதுவும் இல்லை. மார்ச்சு மாதக் கணக்கைத் தவறி அழித்ததை ஜூன் மாதம் ஆடிட்டர் கேட்கும்போதல்லவா நாம் கண்டுபிடிக்கிறோம்!

இதற்குப் பெரியதோர் உதாரணம் உண்டு. 2017-ஆம் வருஷம் ஜூன் 27-ஆம் தேதி, உக்ரைன் தேசத்தில் வரிக்கணக்குக்கு உபயோகிக்கும் ஒரு மென்பொருளின் வழியாக நாட்பெட்யா என்னும் நச்சுநிரல் பரவிற்று. மெர்ஸ்க் என்ற உலகப் பெருங் கப்பற் கம்பெனி ஸ்தம்பித்தது. நம் தேசத்தில் பம்பாய்க்கு அருகேயுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்கம்பெனி நடத்திய சரக்குத் துறையிலும் வேலை நின்றது. இன்னார் நம் ஆள், இன்னார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் சர்வர்கள் அதற்குச் சுமார் 150 இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று என்பது ஏற்பாடு. ஒன்றோடொன்று ஒத்திசைந்தவையாதலின் யாவும் ஒருசேர அழிந்தன. கானா தேசத்தில் மட்டும் ஒன்று, அவ்வேளையில் மின்சாரம் தடைப்பட்டிருந்தமையால் தொடர்பற்றுக் கிடந்து பிழைத்தது. அதைக் கொண்டே மீண்டும் அடித்தளம் இட்டனர். 45,000 கம்ப்யூட்டர்களில் புதிதாக யாவற்றையும் நிறுவ நேர்ந்தது. மின்வெட்டை நாம் எத்தனையோ முறை சபித்திருக்கிறோம். அது ஒரு கம்பெனியைக் காப்பாற்றியதும் உண்டு.

ஆகவே, ஒரு பிரதியேனும் கம்பி கழற்றப்பட்டு, வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். அண்ணனூரில் வீடும் அம்பத்தூரில் ஆலையும் உள்ளவர்களுக்கு இரண்டு டிஸ்க்குகள் போதும்: ஒன்று ஆலையில், மற்றொன்று வீட்டில், வாரந்தோறும் மாற்றிக்கொள்ளலாம். பூட்டுச்சொல் இட்டு மறையாக்கம் செய்யாத டிஸ்க்கை மாத்திரம் மின்சார ரயிலில் கொண்டுபோக வேண்டாம்.

பத்து, இருபது கம்ப்யூட்டர் உடையவர்கள் மேஜைக் கம்ப்யூட்டரையும் மடிக்கணினியையும் ஒரே விதமாக எண்ணலாகாது. மேஜைக் கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே இருப்பது. அதன் பிரதியை ஆபீசிலுள்ள சேமிப்புப் பெட்டிக்கு அனுப்புவது எளிது. ஆனால் இரவு 11 மணிக்குப் பிரதி எடுக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு, மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துப் போகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். சாப்பாட்டு வேளையில் எடுக்கும்படி மாற்றிக்கொள்க. மடிக்கணினியோ ஊர் சுற்றுவது. இன்டர்நெட் கிடைத்த இடத்திலிருந்து தானாகவே பிரதி அனுப்பும் கிளவுட் ஏற்பாடே அதற்குத் தக்கது. அதில் பழைய பதிப்புகள் எத்தனை மாதம் வைக்கப்படும், சிப்பந்தி வேலையை விட்டு நின்றால் அவர் பிரதி என்னவாகும் என்னும் இரண்டையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விற்பவர் எவ்வளவு எளிதாகப் பிரதி எடுக்கலாம் என்பதையே சொல்வார். எவ்வளவு விரைவில் திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள். பத்துக் கம்ப்யூட்டர், ஒவ்வொன்றிலும் 200 ஜிபி என்று கொள்வோம். 20 எம்பிபிஎஸ் வேகத்தில் முதன்முறை மேலே ஏற்ற, இடைவிடாது ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் திரும்ப இறக்க 44 மணி நேரம். சம்பளத் தேதிக்கு முன்தினம் இவ்வாறு நேர்ந்தால் என் செய்வது? அதனால்தான் கிளவுட் இருப்பினும் ஆபீசில் ஒரு பிரதி வேண்டும் என்கிறோம்.

சட்டத்தையும் சிறிது பிரஸ்தாபிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குகளை, வருடாந்தர நமூனா தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 8 வருஷம். கம்பெனிகளின் மின்னணுக் கணக்குக்கு இந்தியாவிலுள்ள சர்வரில் தினசரி மறுபிரதி இருக்கவேண்டும் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. சர்வர் எத்தேசத்தில் இருக்கிறது என்று கேட்காமல் மலிவு விலைக்குக் கையொப்பமிட வேண்டாம்.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருமுன், தங்கள் மறுபிரதியிலிருந்து சென்ற வருஷத்துப் பைல் ஒன்றை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்துத் திறந்து பார்த்து, அதற்கு எத்தனை நிமிஷம் ஆயிற்று என்பதை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வருக. திறக்காதவர்களும் வரலாம், அவர்களுக்குத்தான் அன்றைக்கு நாம் முதலில் நேரம் ஒதுக்குவோம்.